இரவில் மட்டும் எட்டிய கொழும்பு

1983 ஆம் ஆண்டு ஆடி மாதம். செஞ்சியை அடுத்த வல்லத்தில், எம் வீட்டுத் திண்ணையில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தது. அதில் சிற்றலை கிடையாது; மத்திய அலை மட்டுமே. கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்த எம் தமையனாரிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. ஜூலை 24 இரவு அங்கே மூண்ட கலவரத்தைப் பற்றி, மறுநாள்களில் அரைகுறைச் செய்திகளே எம்மை எட்டின.

பகல் முழுதும் அத்தா குமிழைத் திருகுவார், இரைச்சலே மிஞ்சும். பொழுது சாய்ந்து ஒரு நாழிகை சென்றதும், கிணற்றடியிலிருந்து எழுவது போல் இலங்கை வானொலியின் குரல் மேலே வரும். ஊரடங்கு அறிவிப்பைக் கேட்க அத்தா பெட்டியைக் காதோடு அணைத்துக்கொள்வார். அதன் முகம் தெற்கு நோக்கினால் குரல் தெளியும். பக்கவாட்டில் திரும்பினால் மங்கும். உள்ளே கிடந்த ஃபெரைட் தண்டின் வேலை அது என அன்று நாம் அறியோம்.

"பகலில் மட்டும் இவனுக்கு வாய் அடைத்துப் போகிறதே, ஏனப்பா?" என்பார். பள்ளி இறுதி வகுப்பில் பயின்ற எமக்கு விடை தெரியவில்லை.

பல்லாண்டு கழித்து, அமெச்சூர் வானொலியில் ஈடுபாடுடைய நண்பர் ஒருவர் விளக்கினார். கொழும்பு எம்மூருக்குத் தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். தரையை ஒட்டி வரும் அலை வழியிலேயே தேய்ந்துவிடும். வானேகும் அலையையோ, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் கதிரவன் உண்டாக்கும் 'டி' அடுக்கு பகலில் உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைய, அலை அதற்கும் மேலுள்ள அயனி அடுக்குகளை எட்டித் திரும்பி வருகிறது. அத்தகைய அடுக்கு உண்டென்று 1924 இல் சோதனையால் காட்டிய ஆப்பிள்டனுக்கு 1947 இல் நோபல் பரிசு கிடைத்தது.

மத்திய அலைக்குச் சற்றே மேலுள்ள 160 மீட்டர் அலைவரிசையும் இவ்வாறே. அதில் தொலைதூரம் பேச விழைவோர் இரு முனையும் இருட்டாக இருக்கும் வேளைக்குக் காத்திருப்பர். அரை அலை நீளக் கம்பி கட்டவே 80 மீட்டர் வேண்டும்; எம் தெருவில் அதற்கு இடமேது? கோடை இடி மின்னலின் இரைச்சல் வேறு. ஒரு மார்கழி வைகறையில், நண்பரின் பெட்டியில் ஐரோப்பிய நிலையமொன்றின் மோர்ஸ் ஒலி மெல்ல ஓங்கி, வெயில் ஏற ஏற அடங்கியதைக் கேட்டோம். அத்தா நினைவுக்கு வந்தார்.

தமையனாரின் கடிதம் இருபத்து மூன்றாம் நாள் வந்தது. நலம் என்று இரண்டே வரி. அன்றிரவும் அத்தா பெட்டியைத் தெற்கு முகமாகத் திருப்பி வைத்துவிட்டே உண்ண அமர்ந்தார்.