உருக்கையா

ஆஸியா என்ற பெயரை அரபியில் இரண்டு விதமாக எழுதலாம். அலிபும் ஸீனுமாக எழுதினால் பிர்அவ்னின் மனைவி. ஈமானைக் காத்த சீமாட்டி. ஐனும் ஸாதுமாக எழுதினால் 'மாறு செய்பவள்' என்று பொருள். இந்த இரண்டாவது பெயரோடு இருந்த உமர் (ரழி) அவர்களின் மகளுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என்று பெயர் மாற்றி வைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தமிழில் எழுதினால் இரண்டு பெண்களும் ஒருத்திதான். கிரந்த எழுத்தும் வேண்டாம் என்று சகரத்தைப் போட்டால் ஒரு கண்டமே வந்து உட்கார்ந்துவிடும். புவியியல் பாடத்தில் ஆசியா என்றதும் பின்வாங்கில் இருந்து "சேர்" என்று எழுந்து நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும்.

அரபியில் எழுத்துகள் 28. அவற்றில் ஸீன், ஸாத், ஸே மூன்றுக்கும் நம்மிடம் உள்ளது ஒரே ஸகரம். இரண்டு ஹகரத்துக்கும் ஓர் எழுத்து. பாத்திமாவின் முதல் ஒலிக்கோ எழுத்தே இல்லை. சிங்களத்தில் அதற்கென்று ஓர் எழுத்து உண்டு என்பதால், நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் சிங்களக் கடதாசியில் நம் கடதாசியை விடச் சரியாக இருக்கும். அரபுத் தமிழில் எழுதிப் படித்த நம் மூத்த பெண்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். பெயர்கள் உள்ளபடியே நின்றன.

ஆனால் எழுத்தில் உள்ளபடி நின்ற பெயர் வாயில் அப்படி நிற்கவில்லை. ஷெய்கு அப்துல் காதிர் என்ற வள்ளல் சீதக்காதியானார். உமறுப் புலவரின் சீறாவில் கதீஜா நாயகி கதீசாவாகத்தான் கனவு காண்கிறார். படலத்தின் பெயரே அப்படி. 1885இல் சித்திலெப்பை எழுதிய அசன்பே கதையில் ஹஸன் ஹகரம் இல்லாமல் வருகிறார். புலவரும் அறிஞரும் அரபு அறியாமல் இப்படி எழுதினார்கள் என்று சொல்ல முடியுமா? ஸைனப் செய்னம்பு ஆனதும், பாத்திமா பாத்தும்மா ஆனதும், பின்னால் ஒரு நாச்சியாவோ பீவியோ ஒட்டிக்கொண்டதும் இந்த வரிசையில் வந்தவைதான். அதைக் கொச்சை என்று சொல்லிச் சிரிக்கும் பழக்கம் நமக்குப் பிந்தி வந்தது.

கீரியில் என் அயலவர்கள் கத்தோலிக்கர். அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். ஸ்தேபான் என்றால் கிரேக்கத்தில் முடி என்று அறிந்து முடியப்பர் என்றார்கள். யோவானுக்குள் இருக்கும் இறையருளை எடுத்து அருளப்பர் ஆக்கினார்கள். அங்கேயும் இப்போது முடியப்பு என்ற பெயரில் சின்னப் பிள்ளை ஒன்றைக் காண முடியவில்லை.

நம் பக்கத்தில் நடப்பது வேறு. என் இடாப்பில் பெண் பிள்ளைகளின் பெயர் பாதிக்கு மேல் பாத்திமாவில் தொடங்குகிறது. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. பின்னால் வருவதோ றிஸ்னா, றிஸ்மியா, ஷிப்னா, ஷஸ்னா. மூத்தவளின் பெயரோடு ஓசை பொருந்த வேண்டும் என்பதற்காக இளையவளுக்குச் செய்யப்பட்டவை பல. பொருள் கேட்டால் "அரபுப் பேர் சேர்" என்று பதில் வரும். எந்த அரபியும் அறியாத அரபுப் பெயர்! செய்னம்புவின் உள்ளே ஒரு ஸைனப் இருந்தார். றிஸ்மியாவின் உள்ளே யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பழையவர்கள் ஒலியை இழந்து ஆளைக் காப்பாற்றினார்கள்; நாம் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

புத்தளத்தில் இருக்கும் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது இந்த விவகாரம் எங்கள் வீட்டுக்கே வந்தது. அவள் தேர்ந்த பெயர் ளுஹா. குர்ஆனின் 93ஆவது சூறாவின் பெயர், முற்பகல் வெளிச்சம். பொருளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முற்பகலில் நாம் தொழும் தொழுகையின் பெயரும் அதுதானே. ஆனால் முதல் எழுத்து ளாத் என்ற அந்த அரபு எழுத்து. அதை ஒருவர் ளகரமாக்குவார், ஒருவர் ழகரமாக்குவார், இன்னொருவர் தகரமாக்குவார். காதி என்றும் காழி என்றும் ஒரே நீதிபதியை நாம் அழைப்பது இதனால்தான். ஆங்கிலத்தில் எழுதப்போனால் இன்னும் மூன்று விதம். போதாததற்கு, ளகரத்திலோ ழகரத்திலோ தமிழ்ச் சொல் தொடங்காது.

என்னோடு கீரியில் இருக்கும் உம்மா இரண்டு நாள் முயன்று பார்த்தா. "லுகாவா, ளுகாவா? எனக்கு நாக்குப் புரளுதில்ல மகன்" என்றா. பக்கத்து வீட்டு அந்தோனியம்மா அக்கா அதை வேலிக்கு அப்பால் கேட்டுவிட்டு, "மாஸ்டர், தங்கச்சிக்கு ஆம்பிளைப் பிள்ளையோ? லூக்கா எண்டு வைக்கிறீங்களாம்" என்றார். சுவிசேஷம் எழுதிய லூக்காவை அவர் நினைத்துக்கொண்டார்.

உம்மா கேட்டது தன் உம்மாவின் பெயரை. உருக்கையா. நபியவர்களின் மகளும் உஸ்மான் (ரழி) அவர்களின் மனைவியுமான ருகையா நாயகிதான். ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் போனவர், பத்ர் யுத்தத்தின் வேளையில் மறைந்தவர். ரகரத்தில் தொடங்கும் பிறமொழிச் சொல்லுக்கு முன்னே அ, இ, உ என்ற குறில்களில் ஒன்று வந்து நிற்கும் என்பது நன்னூல் விதி. எங்கள் உம்மம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அவவின் பெயர் மட்டும் நன்னூலைப் பின்பற்றியது.

"நானா, அது கிழவிப் பேர். பள்ளியில பிள்ளைகள் சிரிக்கும்" என்றாள் தங்கை. மச்சான் கத்தாரில் இருக்கிறார். அவருக்கு வேறு கவலை: அங்கே அரபிகள் முன்னால் சொல்லக்கூடிய பெயர் வேண்டும்.

நான் சொன்னது அழகைப் பற்றியல்ல, கடதாசியைப் பற்றி. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டியில் போய் இறங்கியபோது உம்மம்மாவின் பெயரைக் கேட்டு எழுதியவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். நிவாரண அட்டையில் ருக்கியா. காணி உறுதியில் உருக்கையா உம்மா. அடையாள அட்டையில் ருகையா. மூன்று பெயரும் ஒரே கிழவி. 2009க்குப் பிறகு ஊர் திரும்பிக் காணியைத் துப்புரவாக்கப் போனபோது உம்மம்மா மௌத்தாகிவிட்டிருந்தா. இந்த மூவரும் ஒருவர்தான் என்று காட்ட உம்மா ஓர் அலுவலகத்துக்கு எத்தனை தரம் நடந்தா என்று நான் கணக்கு வைக்கவில்லை. கடைசியில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம். வேலி அடைக்க மேலும் ஒரு வருடம். தங்கை அப்போது கல்யாணமாகிப் புத்தளத்தில் இருந்ததால் இந்த நடை அவளுக்கு முழுதாகத் தெரியாது.

அதனால் நான் கேட்டது இவ்வளவுதான்: யாரோ ஒருவர் அவசரத்தில் காதால் கேட்டு எழுதும்போது எத்தனை விதமாக எழுதுவார்? ளுஹாவுக்கு நான் ஆறு எழுதிக் காட்டினேன். ருகையாவும் முழுக்கத் தப்பாது. ஆனாலும் எப்படி எழுதினாலும் அது ருகையா என்று நம்மவர் யாருக்கும் விளங்கும்.

பிறப்பைப் பதிய 42 நாள் தவணை உண்டு. எங்கள் வீட்டில் முப்பதுக்கு மேல் கழிந்தது. ஒருநாள் தங்கையே தொலைபேசியில் ருகையா என்றாள். உடனே மச்சான் ஆங்கிலத்தில் 'கே' கூடாது, 'கியூ'தான் என்றார். அரபுக் காபுக்கு அதுவே பொருத்தம் என்பதால் நான் மறுக்கவில்லை. தமிழில் மட்டும் நான் பிடிவாதம். இரண்டு உயிருக்கு நடுவே தனிக் ககரம் நம் வாயில் மென்மையாகிவிடும். ருஹையா என்றே காதில் விழும். ஒற்றுப் போட்டு ருக்கையா என்று எழுதச் சொன்னேன். பதிவாளர் இரண்டு தரம் கேட்டு எழுதினாராம்.

ளுஹா என்பது தங்கை தாலாட்டும்போது சொல்லும் பெயராக இருக்கிறது. உம்மா புத்தளம் போய் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்தா. பேத்தியை அவ கூப்பிட்டது உகரம் சேர்த்துத்தான். பிள்ளை திரும்பிப் பார்த்ததாம்.