டயர் மேல போட்ட பழி

போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் அப்பாவின் பழைய ஜீப், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் உதறியது. "டயர்தான்ப்பா"ன்னு ஃபைனல் இயர் கெத்தோட சொன்னேன். அப்பா கடனுக்கு ரெண்டு டயர் வாங்கிப் போட்டார். உதறல் போகலை.

உங்க வீட்டு வண்டிக்கு இப்படி வந்தா, செலவு பண்றதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. சமதளமான காலி ரோட்டில், உதறல் வரும் வேகத்துக்குப் போய் நியூட்ரலுக்குத் தள்ளுங்க. டயரும் ஷாஃப்டும் அப்பவும் கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் சுத்தும். உதறல் சட்டுன்னு நின்னா பேலன்ஸ் மேல குற்றமில்லை. இன்ஜின் இழுக்கும்போது ஏதோ அசையுது.

எங்க ஜீப்பில் நின்னுடுச்சு. அடியில் படுத்துப் பார்த்தேன். கிராஸ் ரெண்டிலும் ஆட்டமில்லை, கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரும் கிழியலை. ஆனா பின் பட்டையைப் பிடிக்கிற யூ போல்ட் நட்டு கையாலயே திரும்புது! மிதிச்சா ஆக்சில் முறுக்கி, பினியன் மூக்கு மேல தூக்கும். ரெண்டு கிராஸிலும் கோணம் சமமா இருந்தாதான் ஒண்ணோட ஏற்ற இறக்கத்தை இன்னொண்ணு சரிக்கட்டும். இல்லேன்னா ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை உதறும். இதே ஹூக்ஸ் ஜாயிண்ட்டைப் பத்தி 13 மார்க் கேள்விக்கு டெரிவேஷனோட எழுதினவன் நான்.

நட்டுகளை இறுக்கினோம். மலையேறும்போது சீட்டுக்கு அடியில் அந்த உதறல் இல்லை. அப்பா ஒண்ணும் சொல்லலை. டயர் தவணை இன்னும் மூணு மாசம் இருக்கு.