சாக்ரடீஸ் உட்கார்ந்த செருப்புக்கடை

ஏதென்ஸ் போனால் குன்றின் மேலுள்ள பார்த்தினானோடு திரும்பிவிடாதீர்கள். குழந்தைகளோடு கீழே, அகோரா என்ற பழைய சந்தைத் திடலுக்கும் இறங்குங்கள். அங்கே ஒரு வீட்டின் அஸ்திவாரம். தோண்டியபோது செருப்பு ஆணிகளும், 'சைமனுடையது' என்று கீறிய கோப்பைத் துண்டும் கிடைத்தனவாம். சைமன் என்ற செருப்புத் தொழிலாளியின் கடையில் சாக்ரடீஸ் உட்கார்ந்து பேசுவார் என்கிறது ஒரு பழைய நூல்.

நிழலில் உட்கார்ந்து, மகளைக் காகிதத்தில் செருப்பு வெட்டச் சொன்னேன்.

"நல்ல செருப்பு எது?"

"காலைக் கடிக்காதது."

"அப்போ நல்ல மனுஷன்?"

"யாரையும் கடிக்காதவன்!" உடனே, "இல்லேம்மா, பொம்மைகூடத்தான் கடிக்காது" என்றாள்.

"இப்படிக் கேள்வி கேட்டவருக்குத்தான், பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று கி.மு. 399-இல் விஷம் கொடுத்தார்கள்."

"கேள்வி கேட்டா தப்பாம்மா?"

வீட்டில் நான் எத்தனை தடவை 'வாயை மூடு' என்றிருக்கிறேன்! அந்தக் காகிதச் செருப்பைப் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறேன். அவளுக்காக அல்ல, எனக்காக.