ஏழு தசமமும் ஒரு தராசும்

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் மாசி மாதம் பரீட்சைக் கவலையின் மாதமாகும். இவ்வாண்டு அக்கவலை நம் இல்லத்திற்கும் வந்தது. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கிப் படிக்கும் தமக்கை மகன், பொறியியல் கல்விக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியிருந்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை வேறொரு நாளில் எழுதினான். விடைகளைச் சரிபார்த்தபோது நம் பிள்ளைக்கே மதிப்பெண் சற்று மிகுதி. முடிவு வந்தபோதோ அடுத்த வீட்டுப் பிள்ளை முந்தியிருந்தான்.

“அவனைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா?” என்று நாம் சொல்லிவிட்டோம். அன்றிரவு பிள்ளை உண்ணவில்லை. காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, “ஊருக்கே போகிறேன், மாமா” என்றான்.

நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். எனினும் ரயில்வே பார்சல் அலுவலகத்துத் தராசுடன் பல்லாண்டு பழகியவர்கள். அன்று விடுப்பு எடுத்து, தேர்வு விதிகளை அவனுடன் அமர்ந்து படித்தோம். 2019 முதல் இத்தேர்வைத் தேசியத் தேர்வு முகமை கம்ப்யூட்டர் வாயிலாகப் பல வேளைகளில் நடத்துகிறது. ஒரு வேளையின் வினாத்தாள் கடினமாகவும் மற்றொன்று எளிதாகவும் அமைதல் கூடும். ஆதலின், அந்தந்த வேளையில் எழுதியோருள் நூற்றுக்கு எத்தனை பேர் ஒரு மாணவனுக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றனர் என்று கணக்கிடுகின்றனர். அதனை ஏழு தசம ஸ்தானம் வரை தருவது, லட்சக்கணக்கானோருள் பலர் ஒரே எண்ணைப் பெறுவதைக் குறைப்பதற்கே. அறிவை அத்துணை நுட்பமாக அளந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை.

“மாமா, உங்கள் தராசில் ஏழு தசமம் உண்டா?” என்றான் பிள்ளை.

“அரைக் கிலோவைக்கூட அது சில நாள் காட்டாதப்பா. மூட்டை நிறுக்கும் தராசில் பொன்னை நிறுக்க முடியுமா?” என்றோம்.

ஆளுக்கேற்ற தராசும் உலகில் உண்டு. மேலாண்மைக் கல்விக்கான ஜீமேட் தேர்வில் 1997 முதல் கம்ப்யூட்டரே வினாவைத் தேர்ந்து தருகிறது. சரியான விடைக்குப்பின் கடினமான வினா வரும்; தவறினால் எளியது வரும். ஒருவன் திறனுக்கு மிக எளிதான வினாவும் மிகக் கடினமான வினாவும் அவனைப் பற்றிச் சொல்வது சிறிதே. ஏற்ற வினாவே மிகுதியாகச் சொல்லும். ஆகவே குறைந்த வினாக்களிலேயே நுட்பமான அளவு கிடைக்கிறது. ஆயினும் அங்கும் பிழை குறையுமேயன்றி ஒழியாது. மற்றொரு நாள் எழுதினால் எண் சற்றே மாறும்.

கல்லூரியில் இடம் அளிப்போர் எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். அது அவர்கள் கடமை. வீட்டிற்குள் அக்கோட்டைக் கிழிக்க வேண்டிய அவசியம் யாதொன்றுமில்லை. நாம் கிழித்தோம். தவறு நம்முடையதே என்று பிள்ளையிடம் சொன்னோம்.

ஏப்ரலில் மீண்டும் எழுதலாம். இரண்டில் சிறந்ததே கணக்கில் சேரும். தமிழிலேயே எழுதும் வசதியும் 2021 முதல் உண்டு. பெட்டி இன்னும் கட்டியபடியே இருக்கிறது. புத்தகங்களை மட்டும் அவன் வெளியே எடுத்து வைத்திருக்கிறான்.