புதிய ஸ்பீக்கர் தேவைதானா?



ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்களும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன. காப்பித் தோட்டம் ஒன்றில் ரைட்டராகப் பணியாற்றிய அத்தா, சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியவை அவை. சுபுஹுத் தொழுகைக்குப் பின் அவற்றில் ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ அவர்களின் கிராஅத் ஒலிக்கும். எகிப்து நாட்டுக் காரீயான அவருடைய குரலில்தான் 1961-ஆம் ஆண்டு முழுக் குர்ஆனும் முதன்முதலாக முரத்தல் முறையில் ஒலிப்பதிவாக வெளிவந்தது. ஒவ்வோர் எழுத்தையும் அதன் மக்ரஜிலிருந்து நிதானமாக எடுத்து ஓதும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே அத்தா தம் ஓதலைச் சீர்செய்து வந்தார். மாலை வேளைகளில் சில நாள் நாகூர் ஹனிஃபா அவர்களின் பாடல்களும் ஒலிப்பதுண்டு.

சென்ற மழைக்காலத்தில் அத்தா ஒரு குறை சொல்லத் தொடங்கினார். “சத்தம் வருது, எழுத்துதான் விளங்கலை.” ஸீன், ஷீன், ஃபா போன்ற எழுத்துகள் மங்கிப்போனதாக அவர் வருந்தினார். ஒலியைக் கூட்டினால், ‘காது கூசுகிறது, குறை’ என்பார்.

சேலத்துக் கடையில் விசாரித்தபோது, உயரமான புதிய ஸ்பீக்கர்களும் 100 வாட் ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து ரூ. 70,000 ஆகும் என்றார்கள். மிளகு விற்ற பணம் கையில் இருந்தது. பொருள் ஹலாலானது, பணமும் ஹலாலானது, பெற்றோருக்குச் செய்வதோ நன்மையான காரியம். ஆயினும், ஆகுமான செலவிலும் வீண்விரயத்தைத் தவிர்க்கக் கட்டளையிடுவது நம் மார்க்கம். ஆகவே இந்தச் செலவு குறையைத் தீர்க்குமா என்று முதலில் அறிய விரும்பினேன்.

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பொருந்துவதற்கு இரண்டு எண்களை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஸ்பீக்கரின் உணர்திறன். எங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் ஒலி தருவது. சிறிய கூடத்தில் அமர்ந்து கிராஅத் கேட்க ஏறத்தாழ ஒரு வாட்டே போதும். வாட்டை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. எங்களுடைய 30 வாட்டை 100 வாட்டாக மாற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 5 டெசிபெல். அதுவும் ஒலியை முழு அளவுக்குத் திறந்தால்தான்.

இரண்டாவது, மின்மறுப்பு. கடைக்காரர் காட்டிய ஸ்பீக்கர் 4 ஓம். எங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 8 ஓமுக்குக் குறையக் கூடாது என எழுதியிருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கெனச் செய்யப்படாத ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் பழுதாகலாம். எனவே ஸ்பீக்கரை மாற்றினால் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றியாக வேண்டும். ஒரு பொருளில் தொடங்கும் செலவு இரண்டாவதையும் இழுத்து வருவது இப்படித்தான்.

பின்பு இருப்பதைச் சோதித்தேன். முகப்புத் துணியைக் கழற்றியபோது, பெரிய கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் தொட்ட இடத்தில் உதிர்ந்தது. ஆண்டுகள் பல ஆனால் ஃபோம் இப்படி உதிர்வது இயல்பு; சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் ஈரமும் சூழ்ந்த இம்மலையில் அது இன்னும் விரைவாக நேரும். மெக்கானிக் ஒருவர் சிறு தொகைக்குப் புது வளையம் ஒட்டித் தந்தார். சுவர் மூலையில் ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை முன்னே நகர்த்தி, சிறிய கோன் அமர்ந்திருப்பவரின் காதுமட்டத்துக்கு வருமாறு உயர்த்தி வைத்தேன். வெறுந்தரையில் கம்பளமும் சன்னலுக்குக் கனத்த திரையும் இட்டதில் எதிரொலி அடங்கியது. பிள்ளைகளுக்கு ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அத்தாவுக்கு மட்டும் பழைய குறை நீங்கவில்லை.

அப்போது என் மனைவி கேட்டாள்: “போனில் பேசும்போதும் மாமா ரெண்டு தடவை கேட்கிறாங்களே, கவனிச்சீங்களா?”

சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்தோம். முதுமையில் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில்தான் தொடங்குகிறது. குரலின் கனம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஸீன், ஷீன், ஃபா ஆகியவற்றின் உரசல் ஒலியோ உயர்ந்தவற்றில். ஆகவே ஓசை கேட்கும், எழுத்து நழுவும். அத்தா சொன்ன குறை சொல்லுக்குச் சொல் இதுவே. ஒலியை மொத்தமாகக் கூட்டுவதால் தாழ்ந்த பகுதி தாங்க முடியாத சத்தமாகிறதே தவிர, இழந்த பகுதி திரும்புவதில்லை. காதுக்கருவி, குறைந்திருக்கும் அதிர்வெண்களை மட்டும் அளவறிந்து உயர்த்தித் தருகிறது.

“வயசானவனுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று அத்தா மறுத்தார். கண்ணாடி அணிந்து முஸ்ஹஃபைப் பார்ப்பதில் கூச்சமில்லை. காதுக்கு ஒரு கருவி வைப்பதில் ஏன் கூச்சம் என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஸ்பீக்கருக்கென எடுத்துவைத்த பணத்தின் பெரும்பகுதி அதற்கே சென்றது. முதல் இரண்டு வாரம், பாத்திர ஒலியும் தகரக் கூரையில் விழும் மழையும் இரைச்சலாக இருப்பதாகக் கருவியைக் கழற்றிக் கழற்றி வைத்தார். மூன்றாம் வாரம் சூரா யாஸீன் ஒலித்துக்கொண்டிருந்தபோது, “இப்போ ஸீன் கேட்குது” என்றார். முன்பைவிடக் குறைந்த ஒலியில்தான் அது ஒலித்தது.

குர்ஆன் ஓதப்படும்போது வாய்மூடிச் செவிதாழ்த்துவது அதற்குரிய அதபு. தொழுகையில் குரலை மிக உயர்த்தவும் வேண்டாம், மிகத் தாழ்த்தவும் வேண்டாம், நடுவழியைப் பற்றுங்கள் என்பது இறைவழிகாட்டல். வீட்டில் கேட்பதற்கும் அந்த நடுநிலை அழகு. அதிகாலையில் நம் வீட்டு ஸ்பீக்கர் பக்கத்து வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காதிருப்பது அவர்களுக்குரிய ஹக்கு.

நல்ல ஸ்பீக்கர் வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. கோனைச் செப்பனிட்டு, இடத்தைச் சீராக்கிய பின்பும் இளங்காதுகளுக்கே தெளிவில்லையென்றால் தாராளமாக வாங்குங்கள். ஓம் பொருந்துகிறதா, உணர்திறன் எவ்வளவு என்று கேட்டு, வாங்குமுன் உங்களுக்கு நன்கு பழகிய குரல் ஒன்றைக் கடையில் ஒலிக்கச் செய்து கேளுங்கள். ஆனால் வீட்டுப் பெரியவர் மட்டும் ஒலியைக் கூட்டச் சொல்கிறார், பிறகு கூசுகிறது என்கிறார் என்றால், கடைக்குப் போகுமுன் அவரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். செவிக்குறைவு கவனிக்கப்படாதபோது, அவர்கள் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தும் பயானிலிருந்தும் ஒதுங்கிவிடுகிறார்கள்.

நம் பெற்றோரின் செவிகளுக்கும் பார்வைக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக! அவர்களின் தேவையை அறிந்து செலவிடும் நல்லுணர்வை நமக்கும் தருவானாக! ஆமீன்.