“தம்பி ஏன் இப்படிக் கறுத்துட்டான்?”

எங்கள் புதுவாயல் பக்கம் எந்தப் பொருளையும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். மோட்டார் காயில் எரிந்துபோனால் ரீவைண்டிங் கடை இருக்கிறது. ஜி.என்.டி. ரோட்டில் ஓடும் லாரிக்கு டயர் தேய்ந்தால் ரீட்ரேடிங். மிக்ஸி ஜாரில் பிளேடு மழுங்கினால் பிளேடு மட்டும் புதுசு. லேப்டாப் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: “பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க!”

எங்கள் வீட்டு லேப்டாப் பழசுதான். லெனோவோ திங்க்பேட் எக்ஸ் 220, 2011-ல் வந்த மாடல். ஏதோ ஒரு ஆபீஸில் உழைத்து ஓய்ந்து, செகண்ட் ஹேண்டாக என்னிடம் வந்தது. கணவருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ராம் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு, என் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

பிரச்னை ஞாயிற்றுக்கிழமைகளில்தான். தம்பி சிங்கப்பூரில் வெல்டர். வாரம் ஒருமுறை வீடியோ காலில் வருவான். செல்போனில் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று அம்மா லேப்டாப்பில்தான் பேசுவார். பேசும்போதும் கை சும்மா இருக்காது. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பை நிமிர்ந்து பார்ப்பார்.

“ஏன்டி, இவன் இப்படிக் கறுத்துட்டான்? கண்ணு கீழ எல்லாம் குழி விழுந்திருக்கே?”

“வெயில்ல வேலை பார்க்கிறேன்மா” என்பான் அவன். “ஸ்கிரீன்தாம்மா அப்படித் தெரியுது” என்பேன் நான். திரையை அம்மா பக்கம் சாய்த்தால், எனக்கு வெளுத்துப் போகும். அம்மாவுக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை. கால் முடிந்ததும் அன்று முழுக்க முகம் வாடியே இருப்பார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் டி.என். என்ற வகைத் திரைதான். அதற்குள் இருக்கும் திரவப் படிகங்கள், கயிறு முறுக்கியதுபோல முறுக்கிக்கொண்டு நிற்பவை. மின்சாரம் பாயும்போது முறுக்கு அவிழ்ந்து வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும். விலை மலிவு. ஆனால், நேர் எதிரே உட்கார்ந்தால்தான் நிறம் ஒழுங்காகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் வெளுக்கும். கீழிருந்து பார்த்தால் இருண்டு, சில இடங்களில் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி தலைகீழாகிவிடும். ஐ.பி.எஸ். வகைத் திரையில் படிகங்கள் படுத்த வாக்கிலேயே திரும்புகின்றன. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. 1990-களிலேயே ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்று சாதாரண செல்போனில்கூட இருக்கிறது.

பக்கத்து ஊர்க் கடையில் கேட்டேன். “இதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்கக்கா” என்றார்கள். கவரப்பேட்டையில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்கே போய்விட்டேன். அங்கே ஒரு சின்னக் கடைக்காரர், திரையைக் கழற்றிப் பின்பக்கம் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார். அதிலிருந்த எண்தான் அதன் ஜாதகமாம்.

அவர் இரண்டு வழிகள் சொன்னார். முதலாவது, முழு ஹெச்.டி. திரை. வெளிநாடுகளில் இந்த மாடல் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் இதற்கென்றே ஒரு சின்ன போர்டு உருவாக்கியிருக்கிறார்கள். டாக்கிங் வசதிக்காக மதர்போர்டில் ஓடும் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பிலிருந்து சிக்னலைத் திருப்பி, புதுத் திரைக்குக் கொடுப்பார்கள். படம் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால், மதர்போர்டில் பற்றவைக்க வேண்டும். கை தவறினால் லேப்டாப்பே போச்சு. இரண்டாவது, இதே மாடலுக்கு அந்த நாளிலேயே கூடுதல் விலைக்குக் கொடுத்த 12.5 அங்குல ஐ.பி.எஸ். திரை. 1366x768 என்ற புள்ளிக் கணக்கு மாறாது. ஆனால் அதே கேபிள், அதே 40 பின் கனெக்டர். கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

என் கணக்கு வேலை இருப்பதே இந்த ஒரு இயந்திரத்தில். இரண்டாவதே போதும் என்றேன். மாட்டும் கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம். புது லேப்டாப்புக்கு அதைப் போலப் பத்து மடங்கு ஆகியிருக்கும்.

இதைக் கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்தில் பலர் தங்கள் விலையில்லா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே எங்கள் திருவள்ளூர் மாவட்டக் காக்களூரில்தான். அதனால் அதன் மேல் எங்களுக்குத் தனிப் பாசம்! அவர்களிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எல்லா லேப்டாப்பிலும் எல்லாத் திரையும் உட்காராது. 2011 வாக்கில் வந்தவற்றில் பெரும்பாலும் எல்.வி.டி.எஸ். என்ற இணைப்பு. இப்போதைய திரைகள் ஈ.டி.பி. என்ற வேறு இணைப்பு. பழையதில் 40 பின் என்றால் புதியதில் பொதுவாக 30 பின். அளவு சரியாக இருக்கிறதே என்று வாங்கினால் ஏமாந்துபோவோம். லேபிள் எண், பின் எண்ணிக்கை, ஸ்க்ரூ துளை இருக்கும் இடம், இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். மேல் சட்டத்தை மூடுவதற்கு முன் ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். பொருந்தாது என்றால் வற்புறுத்த வேண்டாம்; அதே வகையில் நல்ல திரை ஒன்றைப் போட்டாலே கண் வலி பாதி குறையும். இன்னும் பழைய லேப்டாப்களில் எல்.ஈ.டி.க்குப் பதிலாக மெல்லிய விளக்குக் குழாய் இருக்கும். அதற்குள் பாதரசம் உண்டு. குப்பையில் வீசாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

புதுத் திரை மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு, அம்மா வழக்கம்போலத் தரையில் முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தார். தம்பி வந்தான். கறுப்பு போய்விட்டது. நிறம் எல்லாம் அவன் நிறம்தான். கண்ணுக்குக் கீழே இருந்த குழி மட்டும் போகவில்லை.

அம்மா கீரையைக் கீழே வைத்தார். “இப்ப எந்த ஸ்கிரீன் மேலடா பழி போடப் போற?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகுதான் சொன்னான், விடுதிக்கு வரும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மாசக்கணக்கில் ராத்திரி வெறும் பிஸ்கட்டோடு படுக்கிறான் என்று. ஊருக்கு அனுப்பும் பணம் குறையக் கூடாது என்று வெளியிலும் வாங்கிச் சாப்பிடவில்லையாம். “பணம் ரெண்டாயிரம் கம்மியா வந்தா நாங்க செத்தா போயிடுவோம்?” என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து அறை நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து, வெளியே ஒரு தமிழ் மெஸ்ஸில் கணக்கு வைத்துக்கொண்டான். இப்போதெல்லாம் கால் வந்ததும் முகத்தைக் காட்டுவதற்கு முன் சாப்பாட்டுத் தட்டைத்தான் காட்டுகிறான். அம்மா தரையிலிருந்தபடியே, சாம்பாரா ரசமா என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்.