யார் குறைத்துக்கொள்ள வேண்டும்?

சென்ற மாதம் வைத்தியர் நமது இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "கொழுப்பு மிகுந்திருக்கிறது; மிருகக் கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. "நாங்கள் பரம்பரைச் சைவர்கள் ஆயிற்றே!" என்றோம். "நெய் எந்த மரத்தில் காய்க்கிறது, வாத்தியாரே?" என்று அவர் கேட்டார். பதில் சொல்லத் தோன்றாமல் வீடு திரும்பினோம்.

வந்ததும் கணக்குப் பார்த்தோம். நான்கு பேருக்கு நாள்தோறும் இரண்டு லிட்டர் பால்! மூன்று வேளைக் காப்பி, கட்டித் தயிர், பருப்புக்கு நெய், பண்டிகை வந்தால் பால்கோவா. ஞாயிறுதோறும் அடுத்த வீட்டில் ஆட்டிறைச்சி வேகும்போது நாம் முகம் சுளித்ததுண்டு. நெய்யிலும் அந்த இறைச்சியிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே ஜாதிக் கொழுப்புதான் என்பதை அப்பொழுது நாம் நினைக்கவில்லை.

இது நமது தேகத்தோடு முடிகிற சமாசாரமும் அன்று. ஆடுமாடுகளின் இரைப்பையில் தீனி புளிக்கும்போது மீதேன் என்னும் வாயு உண்டாகி, ஏப்பமாக வெளியேறுகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வல்லமை உள்ளது. மனிதர் செய்கையால் உண்டாகும் இத்தகைய வாயுக்களில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பினால் வருவது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ஆம் வருஷத்தில் கணக்கிட்டது. இதில் இறைச்சிக்கும் பங்கு உண்டு. பாலுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் எல்லோரும் விட்டுவிட வேண்டுமா? நமது பாடசாலையில் மதியம் சத்துணவோடு முட்டை கொடுக்கிறார்கள். ஒரு சிறுவன் அதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்து, சாதம் முழுவதும் தீர்ந்த பிறகே மெல்ல மெல்லத் தின்பான். அவனிடம் போய், "தம்பி, உலக நன்மைக்காக அதைக் குறைத்துக்கொள்" என்று சொல்வது தர்மமாகாது. குறைக்க வேண்டியவர்கள், மிஞ்சும்படி உண்கிற நம்மைப் போன்றவர்களே.

இவ்விஷயத்தில் மகாத்மா காட்டிய வழி நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, அங்கே தங்க வந்தவர்களில் மாமிசம் உண்பவர்களும் இருந்தார்கள். அவர்கள் விரும்பினால் மாமிசம் அளிப்பதே கடமை என்று அவர் தீர்மானித்தார். பிறகு தமது கஷ்டத்தை எடுத்துச் சொன்னார். அவர்களும் மனமுவந்து சைவ உணவுக்கு இசைந்தார்கள். 1912-இல் அவர் தாமே பாலையும் துறந்தார். பின்னர் கடும் நோயுற்றுத் தேறாதிருந்தபோது, கஸ்தூரிபாயின் வற்புறுத்தலால் ஆட்டுப்பால் அருந்தினார். பிறரைக் கட்டாயப்படுத்தாமை, தம்மிடம் கண்டிப்பு, உயிருக்கு அபாயம் என்றால் விட்டுக்கொடுத்தல்: இம்மூன்றும் நமக்குப் போதுமான பாடம்.

வீட்டில் பேச்செடுத்ததும், "காப்பியில் கை வைக்காதீர்கள்!" என்று கண்டிப்பான உத்தரவு பிறந்தது. சமாதானம் பேசினோம். காலைக் காப்பி பிழைத்தது. மாலையில் சுக்குக் காப்பி வந்தது. கட்டித் தயிர் நீர்மோராயிற்று. நெய் விசேஷ நாட்களுக்கு மாத்திரம். காலையில் சில நாள் கேழ்வரகுக் கூழ். கேழ்வரகுத் தானியத்தில் எடைக்கு எடை பாலைவிட அதிகச் சுண்ணாம்புச் சத்து உண்டு. மாலையில் சுண்டல். குழந்தைகளின் பங்கில் கை வைக்கவில்லை. பி12 என்னும் ஜீவசத்து மிருக உணவிலிருந்தே கிடைப்பதால், பாலையும் முட்டையையும் அறவே ஒழிப்பவர்கள் வைத்தியரைக் கேட்டு அதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இப்பொழுது நமது வீட்டுக்கு ஒரு லிட்டர் பால்தான் வருகிறது. அடுத்த வீட்டு நண்பரிடம் இக்கதையைச் சொன்னோம். உபதேசம் எதுவும் செய்யவில்லை. அவர் சிரித்துவிட்டு, "சரி, இனி மாதம் இரண்டு ஞாயிறு போதும்" என்றார். நாம் முகம் சுளித்த காலத்தில் அவர் ஒரு ஞாயிறைக்கூடக் குறைத்ததில்லை.